ஆள் ஏன் நிற்பதில்லை என்று கேட்டாயே

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா தானாக எழுந்து உட்கார ஆரம்பித்துவிட்டார் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. பக்கவாதத்துக்குப் பிறகு முதல் சில மாதங்களில் செய்கிற பயிற்சிக்குத்தான் பலன் அதிகம். பராமரிப்பாளர் வராத நாளிலும் அதை மட்டும் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். நான் வீடுகளுக்குப் பராமரிப்பாளர்களை அனுப்பும் அதே ஏஜென்சியில், யாரை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று ரோஸ்டர் போடும் அதே மேசையில் இருக்கிறேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அப்பாவுக்கு வந்த பராமரிப்பாளர்கள் மூன்று பேர் மாறிவிட்டார்கள், அடுத்த ஆள் எப்போது வருவார் என்று ஏஜென்சிக்கே தெரியவில்லை, இந்த நிலைமையில் பராமரிப்பாளருக்குப் பயிற்சி, போலீஸ் சரிபார்ப்பு, பதிவேடு என்று இத்தனை கெடுபிடி எதற்கு, கொஞ்சம் தளர்த்தினால் நாலு பேர் கூடுதலாக வரமாட்டார்களா என்று எழுதியிருந்தாய். உன் கோபம் நியாயமானது. தளர்த்தலாம் என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

இந்த வேலைக்கு ஆட்கள் வருகிறார்கள், வசந்தி. நிற்பதில்லை. ஒரு பராமரிப்பாளரின் நாளை யோசித்துப் பார். காலையில் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் ஆள் வேண்டும்: எழுப்ப, குளிப்பாட்ட, உடை மாற்ற, மாத்திரை கொடுக்க. அப்புறம் மதியம் ஒரு சுற்று, ராத்திரி படுக்க வைக்க ஒரு சுற்று. நடுவில் இருக்கும் மணி நேரங்களில் வேலையும் இல்லை, வீட்டுக்குப் போய்வரவும் முடியாது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரத்துக்குப் பல இடங்களில் சம்பளம் கிடையாது. விடிகாலையில் கிளம்பி ராத்திரி திரும்புகிறவருக்குப் பாதி நாள் கூலிதான் கையில் வரும். அவர் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டால் அந்த வாரம் அந்த விசிட்டும் போச்சு, அந்தக் காசும் போச்சு. கடைக்கோ கிடங்கிலோ வேலைக்குப் போனால் எட்டு மணி நேரத்துக்கும் எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். போய்விடுகிறார்கள். நான் ரோஸ்டரில் பெயரை அடிக்கும்போதெல்லாம் அவர்கள்மேல் எனக்குக் கோபமே வருவதில்லை.

இப்போது பராமரிப்பாளருக்கான பயிற்சிக்கு வருகிறேன். உன் அப்பாவையே எடுத்துக்கொள். பக்கவாதம் வந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவிவிடும். விழுங்கும் தசை பலவீனமாக இருக்கும்போது அவசர அவசரமாக ஊட்டினால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். குதிகாலில் ஒரு சிவப்புத் தடம் இருந்து, அழுத்திப் பார்த்தும் நிறம் மாறவில்லை என்றால், அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். இதெல்லாம் சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் ஒருவர் தவறினால் பக்கத்தில் இன்னொருவர் இருப்பார். வீட்டில் மூடிய கதவுக்குப் பின்னால் ஒருவர்தான் இருக்கிறார். அதனால் யார் உள்ளே வருகிறார் என்பதில் கெடுபிடி வேண்டும்தான்.

என் ஆதங்கமே வேறு. வேலை செய்கிறவரைக் கண்காணிக்கத் தாராளமாக விதி போடுகிறோம். அவருடைய நேரத்துக்கும் கூலிக்கும் விதி என்று வரும்போதுதான் ஓட்டை. அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். 1938-ல் வந்த கூலிச் சட்டத்தில் வீட்டு வேலை செய்பவர்களுக்கு இடமே இல்லை. 1974-ல் அவர்களைச் சேர்த்தார்கள், ஆனால் முதியவர்களுக்கு ‘துணையாக இருப்பவர்’ என்று ஒரு பிரிவைச் சொல்லி அவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியும் ஓவர்டைமும் கட்டாயமில்லை என்று விட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண் வந்து பேச்சுத்துணைக்கு உட்கார்ந்திருப்பதுபோல நினைத்துப் போட்ட விலக்கு, ஏஜென்சி வழியாக முழு நேர வேலை செய்கிறவர்கள்மேல் போய் விழுந்தது. எவலின் கோக் என்ற பராமரிப்பாளர் ஓவர்டைம் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 2007-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். 2009-ல் அவர் இறந்துபோனார். விதியை மாற்றியது 2013-ல், நடைமுறைக்கு வந்தது 2015-ல். அதையும் திரும்பப் பெறலாம் என்று 2025 ஜூலையில் அரசே ஒரு முன்மொழிவு வைத்தது. இதைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

இங்கிலாந்தில் வீடு விட்டு வீடு போகும் நேரமும் வேலை நேரக் கணக்கில் சேர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆனால் பணம் கொடுக்கும் உள்ளாட்சி, நிமிடக் கணக்கில் விசிட்டை வாங்கினால் அந்தச் சட்டம் என்ன செய்யும்? பதினைந்து நிமிட விசிட்டில் ஒரு பெரியவரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்த் திரும்ப உட்கார வைக்கவே நேரம் போதாது. 2015-ல், மருத்துவத்துக்கும் பராமரிப்புக்கும் வழிகாட்டுதல் வகுக்கும் அந்த நாட்டின் நைஸ் (NICE) அமைப்பு, அரை மணிக்குக் குறைவான விசிட்டை, தெரிந்த பராமரிப்பாளர் போவது போன்ற சில நிபந்தனைகளோடு மட்டுமே வைக்கலாம் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. நல்ல வழிகாட்டுதல்தான். விலையை உயர்த்தாமல் அதை எப்படி நடத்துவது என்று யாரும் சொல்லவில்லை.

நீ சொல்கிற தளர்த்தலையும் அங்கே வேறொரு விதத்தில் செய்து பார்த்தார்கள். 2021-22-ல் முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்புத் துறை முழுவதிலுமாகச் சேர்த்துச் சுமார் 1,65,000 வேலையிடங்கள் காலியாக இருந்தன. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டுப் பராமரிப்பாளர்களுக்கு விசாவைத் திறந்தார்கள். காலியிடம் குறைந்தது உண்மை, 2024-25-ல் சுமார் 1,11,000 ஆனது. ஆனால் விசா முதலாளியோடு கட்டிப்போடப்பட்டிருந்தது. ஏஜென்ட்டுக்குப் பெரும் தொகை கட்டி வந்தவர்களில் பலருக்குச் சொன்ன வேலை நேரம் கிடைக்கவில்லை. புகார் சொன்னால் வேலையோடு நாட்டில் இருக்கும் உரிமையும் போய்விடும் என்ற பயம். முறைகேடுகளுக்காக 470-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் உரிமம் ரத்தானது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். கூலியையும் வேலை நேரத்தையும் சரிசெய்யாமல் வாசலை மட்டும் அகலத் திறந்ததன் பலனை வந்தவர்கள்தான் அனுபவித்தார்கள்.

உன்னோடு ஒத்துப்போகும் இடமும் இருக்கிறது. எழுத்து வேலை மிகவும் அதிகம். ஒரே மருந்துக் குறிப்பை மூன்று இடத்தில் எழுத வைக்கிறோம். ஒரு ஏஜென்சியில் பயிற்சி முடித்தவர் அடுத்த ஏஜென்சிக்குப் போனால் மறுபடியும் முதலிலிருந்து உட்கார வேண்டியிருக்கிறது. எங்கு போனாலும் செல்லுபடியாகும் ஒரே சான்றிதழ் கொடுத்தால் எவ்வளவோ மிச்சமாகும். நெதர்லாந்தில் பியூர்ட்சோர்க் என்ற அமைப்பில் பன்னிரண்டு பேருக்கு மிகாத நர்ஸ் குழுக்கள் தங்கள் ரோஸ்டரைத் தாங்களே போட்டுக்கொள்கின்றன, மேலே மேனேஜர் கிடையாது. என் வேலையே தேவைப்படாத அமைப்பு அது. இருந்தாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது.

அமெரிக்காவில் 2024-ல் இன்னொரு விதி வந்தது. வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில் சில வகை வீட்டுப் பராமரிப்புக்குத் தரும் தொகையில் 80 சதவீதம் பராமரிப்பாளருக்கே போய்ச் சேர வேண்டும், ஆறு ஆண்டு அவகாசம் என்று. சின்ன ஏஜென்சிகள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் பகுதியில் மேற்பார்வைக்கும் பயணத்துக்கும் செலவு கூடுதல். கொடுக்கும் தொகையைக் கூட்டாமல் பங்கை மட்டும் கட்டாயமாக்கினால் முதலில் மூடுவது அவர்கள்தான். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

அப்புறம், முன்பு வந்த பெண்ணையே ஏஜென்சி இல்லாமல் நேரடியாக வீட்டோடு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். வைத்துக்கொள்ளலாம், ஆனால் அன்றிலிருந்து நீதான் முதலாளி. ஜெர்மனியில் வாரம் முப்பது மணி நேரம் என்று ஒப்பந்தம் போட்டு, இரவும் பகலும் கூடவே இருக்க வைத்த பல்கேரியப் பெண் ஒருவர் வழக்குப் போட்டார். கூப்பிட்டால் வரத் தயாராகக் காத்திருந்த நேரத்துக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்று 2021 ஜூனில் அங்குள்ள கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் சொன்னது. அதனால் ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்க வேண்டும், வார விடுமுறை எந்த நாள், அன்று யார் பார்ப்பது, அவருக்கு உடம்பு முடியாவிட்டால் என்ன ஏற்பாடு என்பதையெல்லாம் பேசி எழுதி வைத்துக்கொள்.

ஏஜென்சியிலேயே தொடர்வதானால் மேனேஜரிடம் கேட்க வேண்டியது: பயண நேரத்துக்குச் சம்பளம் உண்டா, ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிற பராமரிப்பாளர்கள் எத்தனை பேர், அப்பாவுக்கு மாறி மாறி வர இரண்டு மூன்று பேரை மட்டும் ஒதுக்க முடியுமா, மேற்பார்வையாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பாரா. முதல் கேள்விக்கு மழுப்பினால் வேறு இடம் பார்.

அந்தப் பெண்ணிடம் பேசிவிட்டு என்ன சொன்னார் என்று எழுது. ஒப்பந்தம் எழுதுவதாக இருந்தால் அனுப்பிவை, நான் ஒருமுறை பார்த்துத் தருகிறேன். உன் முதுகுவலி பற்றி இந்தத் தடவை ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, அதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
மீனா