ஆண்டறிக்கை: நடைத்துணையும் கணக்கில் ஏறாத கிலோமீட்டரும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வாண்டு உறுப்பினர்கள் அதிகம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "வேலூர்க் கோட்டையைச் சுற்றி நடந்தும் 'போக்கிமான் கோ' போன் விளையாட்டில் தூரம் ஏன் ஏறவில்லை?" கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. இங்கே நடந்த ஒரு கிலோமீட்டரும் வீணாகக் கூடாது என்பதால் இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதற்கே.

நடைத்துணை வசதி 2016 செப்டம்பரில் வந்தது. விளையாட்டில் நாம் பிடித்து வைத்திருக்கும் ஒரு போக்கிமானைத் துணையாக வைத்து நடந்தால், அதன் இனத்துக்கு ஏற்ப 1, 3, 5 அல்லது 20 கிலோமீட்டருக்கு ஒரு கேண்டி (போக்கிமானை வளர்க்கவும் உருமாற்றவும் செலவிடும் மிட்டாய்) கிடைக்கும். மேஜிகார்ப்புக்கு 1 கி.மீ., ஈவிக்கு 5 கி.மீ., லெஜண்டரி எனப்படும் அரிய போக்கிமான்களில் பெரும்பாலானவற்றுக்கு 20 கி.மீ. மேஜிகார்ப் கியாரடோஸாக உருமாற (எவால்வ் ஆக) 400 கேண்டி வேண்டும். நடந்தே சேர்ப்பதென்றால் 400 கி.மீ. மழைக்காலத்தில் பிடித்துச் சேர்ப்பதே மேல். துணை இடத்தை எளிதில் அகப்படாத இனத்துக்கு விடுங்கள்.

இனி, தூரம் ஏறாததற்கான காரணங்கள். விளையாட்டு திறந்திருக்கும்போது ஜிபிஎஸ் குறிகளை இடைவெளி விட்டு எடுத்து, நேர்கோட்டில் இணைத்துக் கணக்கிடுகிறது. மொட்டை மாடியில் சுற்றிச் சுற்றி நடந்தால் வளைவுகளெல்லாம் வெட்டுப்பட்டுப் பாதி தூரம்கூடத் தேறாது. கோட்டை மதிலை ஒட்டி நடந்தால் வானம் ஒரு பக்கம் மறைந்து குறி தாவும். அகழிக்கு வெளியே, திறந்த பாதையில் நடப்பது நல்லது. வேகம் மணிக்குச் சுமார் 10.5 கி.மீ.யைத் தாண்டினாலும் தூரம் சேராது. காட்பாடிக்குப் பேருந்தில் போகும் தூரமும், வேகமாக ஓடும் தம்பிகளின் தூரமும் விடுபடுவது இதனால்தான்.

விளையாட்டை மூடிவிட்டு நடப்பவர்களுக்கு, அந்தத் தூரத்தையும் கணக்கில் சேர்க்கும் அட்வென்ச்சர் சிங்க் என்ற 2018இல் வந்த வசதி இருக்கிறது. அமைப்புகளில் அதை இயக்கி, போனின் உடற்பயிற்சிக் கணக்கோடு இணைக்க வேண்டும். இருப்பிட அனுமதி "எப்போதும்" என்று இருக்க வேண்டும், உடல் இயக்க அனுமதியும் தேவை. இத்தனையும் செய்த பிறகும் தூரம் வரவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி சேமிப்பான். பின்னணியில் ஓடுவதை அது நிறுத்திவிடும்; சேமிப்பானின் பட்டியலிலிருந்து விளையாட்டை விலக்குங்கள். வாரக் கணக்கு திங்கள் காலை 9 மணிக்கு முடியும். பரிசுப் படிகள் 5, 25, 50, 100 கி.மீ. ஞாயிறு இரவே ஒருமுறை திறந்து கணக்கு ஏறியதா என்று பார்த்துவிடுங்கள்.

ஈவி விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். ஈவி உருமாறும் வடிவங்களில் எஸ்பியான், அம்ப்ரியான் இரண்டுக்கும் ஈவியோடு 10 கி.மீ. நடக்க வேண்டும், 25 கேண்டியும் வேண்டும். தூரம் முடிந்ததும் வேறு துணைக்கு மாறிவிட்டு எவால்வ் செய்தால் கிடைப்பது வேறொன்று. ஈவி துணையாக இருக்கும்போதே, திரையில் பகல் என்றால் எஸ்பியான், இரவு என்றால் அம்ப்ரியான். எவால்வ் பொத்தானருகே நிழலுருவம் தெரியும். கேள்விக்குறி இருந்தால் விரலை எடுத்துவிடுங்கள். ஃபீபாஸை மிலோடிக் ஆக்கவும் துணையோடு 20 கி.மீ. நடக்க வேண்டும், 100 கேண்டி தனி.

2019 டிசம்பரில், துணையோடு உள்ள நட்பை அளக்கும் இதயக் கணக்கு சேர்ந்தது. பெர்ரி கொடுப்பது, விளையாடுவது, படம் எடுப்பது, சேர்ந்து சண்டையிடுவது, 2 கி.மீ. நடப்பது என ஒவ்வொன்றுக்கும் இதயம் கிடைக்கும். நாளொன்றுக்கு வரம்பு உண்டு, நள்ளிரவில் புதுக் கணக்கு. நட்பு நிலைகளில் கிரேட் பட்டிக்கு (Buddy, துணை) 70 இதயம், அல்ட்ராவுக்கு 150, பெஸ்ட் பட்டிக்கு 300. பெஸ்ட் பட்டியின் சிபி (சண்டை வலிமை) கூடுவது அது துணையாக இருக்கும்வரைதான். துணை உற்சாகமாக இருக்கும்போது கேண்டித் தூரம் பாதியாகும். அந்த உற்சாகத்தைப் பாஃபின் என்ற விளையாட்டுத் தின்பண்டம் உடனே தந்துவிடும். காசு கொடுத்து வாங்கும் பாஃபினை நீண்ட நடைக்குக் கிளம்பும்போது ஊட்டுங்கள், படுக்கப் போகும்முன் அல்ல. 20 கி.மீ. துணைக்கு ஊட்டினால்தான் லாபம் தெரியும்.

பாதுகாப்பு குறித்து: கிரீன் சர்க்கிளில் சாலையைக் கடக்கும்போது போன் பையில் இருக்கட்டும். அட்வென்ச்சர் சிங்க் இருக்கையில் திரையைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. கோடையில் நடை காலை 7 மணிக்குள் முடியட்டும்; வெயிலில் சூடேறிய போன் திரையை மங்கலாக்கும், சார்ஜ் ஏற்றுவதையும் நிறுத்தும்.

கூட்டம் முடிந்ததும் நுழைவாயில் மேசையில் அனுமதி அமைப்புகளைச் சரிபார்த்துத் தருகிறோம். போனில் சார்ஜோடு வாருங்கள்.

செயலாளர்
வேலூர்