ராத்திரியில் கொஞ்சம் இருட்டு வேண்டும்

நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடலைப் பார்த்த அடுக்ககங்களில் குடியிருப்பவர்களுக்கும், அவற்றின் நலச்சங்க நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

ஜனவரி பிறந்துவிட்டால், நள்ளிரவுக்கு மேல் ஒரு கும்பல் மணலில் சத்தமில்லாமல் நடந்து போவதை உங்கள் பால்கனியிலிருந்து பார்த்திருப்பீர்கள். டார்ச் கூட அடிக்க மாட்டோம். ஒருமுறை திருடர்கள் என்று நினைத்து வாட்ச்மேன் அண்ணன் ஒருவர் விரட்டினார். விஷயம் தெரிந்ததும் அவரே டீ வாங்கிக் கொடுத்தார். ஆமை முட்டை தேடிப் போகிறவர்கள் நாங்கள். இந்தக் கரையில் 1970களிலேயே சிலர் தொடங்கிய நடை இது. 1988இல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு உருவாகி அதைத் தொடர்ந்தது. அன்றைய மாணவர்களுக்கு இப்போது தலை நரைத்திருக்கும். நடை நிற்கவில்லை.

போன வருடம் ஒரு நலச்சங்கம் எங்களைக் கூப்பிட்டு மொட்டை மாடியில் சால்வை போர்த்தியது. பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள். போட்டோ எடுத்தபோது எங்களுக்குப் பின்னால் இரண்டு ஃப்ளட் லைட் கடலைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சம் ஆமைகளுக்கு ஆபத்து என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். கேசரி கையில் இருந்ததால் வாய் வரவில்லை.

அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி என்ற கடலாமை) கரையேறிப் போன இடத்தில் டிராக்டர் சக்கரம் உருண்ட மாதிரித் தடம் கிடக்கும். அது முடியும் இடத்தில் கம்பால் மெல்லக் குத்திப் பார்ப்போம். இறுகிய மணலில் ஓர் இடம் மட்டும் சட்டென்று இளகிக் கொடுக்கும். கையை விட்டால் ஒன்றரை அடி ஆழத்தில், பிங்பாங் பந்து போல நூறு, நூற்றிருபது முட்டைகள். அவற்றைப் பையில் அள்ளிக்கொண்டு போய், வேலி போட்ட ஹாட்சரியில், அதாவது குஞ்சு பொரிக்க நாங்கள் வைத்திருக்கும் இடத்தில், அதே ஆழத்துக்குக் குடம் போலக் குழி தோண்டிப் புதைப்போம். சுமார் நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் குஞ்சு வரும்.

ஹாட்சரியைப் பார்க்க வருகிற எல்லோரும் அதை ஒரு சாதனையாகப் பேசுகிறார்கள். எனக்கு அது ஊன்றுகோல் மாதிரிதான் படுகிறது. தாய் பார்த்துப் பார்த்துத் தோண்டிய குழியை விட்டு முட்டையை வேறு இடத்துக்குக் கொண்டுபோக யாருக்கு ஆசை? நாய்த் தொல்லை ஒரு காரணம், ஆள் நடமாட்டம் இன்னொன்று. ஆனால் பெரிய காரணம் உங்கள் வெளிச்சம். இருட்டில் வெளியே வரும் குஞ்சுக்கு ஒரே ஒரு பாடம்தான் தெரியும்: எந்தப் பக்கம் வெளுத்திருக்கிறதோ அந்தப் பக்கம் போ. லட்சக்கணக்கான வருடங்களாக அந்தப் பக்கம் கடலாகத்தான் இருந்தது. இப்போது கார் பார்க்கிங்காக இருக்கிறது.

நாங்கள் தவறவிட்ட ஒரு குழியைப் பற்றிச் சொல்கிறேன். விடிந்து ஆறரை மணி. மணலில் சின்னச் சின்னத் தடங்கள், முந்தானையை விரித்த மாதிரி, மொத்தமும் ஒரு காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துப் போயிருந்தன. கடல் பக்கம் ஒன்றுகூட இல்லை. சுவரடியில் முப்பதுக்கு மேல் காய்ந்து கிடந்தன. மீதியைக் காக்கைகள் பார்த்துக்கொண்டன. ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீர் தேங்கிய இடத்தில் ஒன்றே ஒன்று துடுப்பை அடித்துக்கொண்டிருந்தது. கடல் கிடைத்துவிட்டது என்று நினைத்திருக்கும் போல.

“2025 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்துச் சென்னைக் கரையோரம் ஒதுங்கினவே, அதை விட்டுவிட்டு எங்கள் பல்பைப் பிடித்துக்கொள்கிறீர்களே” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆமைக்கு நுரையீரல்தான், இழுவை வலைக்குள் மாட்டினால் மூச்சுக்கு மேலே வர முடியாமல் சாகும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகு வரக் கூடாது என்ற விதியை அமல்படுத்த வேண்டியது அரசு. அவர்களிடமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அந்த வலைகளையெல்லாம் தப்பி ஓர் ஆமை உங்கள் வாசல் வரை வந்து, விளக்கைப் பார்த்து முட்டையிடாமல் திரும்பிப் போகிறதே, அதற்கு மீன்வளத் துறை என்ன செய்யும்?

பாதுகாப்புக்கு விளக்கு வேண்டும் என்பது புரிகிறது. கேட், படிக்கட்டு, பார்க்கிங் விளக்குகள் இருக்கட்டும். மேலே ஒரு மூடி போட்டு, வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி திருப்பிவிடுங்கள். வெள்ளை எல்இடிக்குப் பதிலாக மஞ்சளோ சிவப்போ சார்ந்த நிறம் போட்டால் ஆமைக்குக் குழப்பம் குறையும். கடலைப் பார்த்த மொட்டை மாடி விளக்கும் தோட்ட விளக்கும் ஜனவரியிலிருந்து மே வரை, இரவு பத்திலிருந்து காலை ஐந்து மணி வரை அணைந்திருக்கட்டும். பால்கனியில் திரைச்சீலை போதும். கரண்ட் பில்லும் குறையும், அது உங்கள் லாபம்.

டிசம்பர் கடைசியில் ஒரு நாள் சாப்பிட்டு முடித்து, நிர்வாகி ஒருவரும் எலக்ட்ரீஷியனும் மணலில் இறங்கி வாருங்கள். தண்ணீர் ஓரம் உட்கார்ந்து, தலையைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி உங்கள் கட்டடத்தைப் பார்த்தால், எந்த விளக்கு என்று நாங்கள் சொல்லவே வேண்டியதில்லை. துணைக்கு நாங்கள் வருகிறோம். சால்வை வேண்டாம்; கேசரி இருந்தால் மறுக்க மாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்குக் கீழே நடந்து போகிறவர்களில் ஒருவன்