பூங்காவுக்கு வர வேண்டிய வெயில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நியூயார்க் 57ஆம் தெருவின் ‘ஒன்57’ கண்ணாடிக் கோபுரத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டடக் கலைஞர் கிறிஸ்தியான் டி போர்ட்சாம்பார்க் அருவியை மனதில் வைத்து வரைந்தது, நீலமும் வெள்ளியுமாக வரிவரியாக இறங்கும் கண்ணாடி, 10 கோடி டாலருக்கு மேல் விலைபோன உச்சி வீடு என்று தகவல்கள் எல்லாம் சரிதான். படங்களும் அருமை. ஆனால் அத்தனை படங்களும் வீட்டுக்குள்ளிருந்து எதிரே இருக்கும் சென்ட்ரல் பார்க் பூங்காவைப் பார்த்து எடுத்தவை. பூங்காவில் நின்று கோபுரத்தைப் பார்த்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. நான் அந்தப் பக்கம் வேலைக்குப் போய்வருகிறவள். சாப்பாட்டு டப்பாவோடு அந்தப் பூங்கா பெஞ்சில் உட்காரும் மதியக் கூட்டத்தில் ஒருத்தி என்பதால் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நமக்கு நிழல் என்றால் புண்ணியம். சாலையோரம் புளியமரம் நட்டவரை இன்றும் வாழ்த்துகிறோம். இங்கே டிசம்பரில் நிலைமை தலைகீழ். சென்னையில் அந்த மாதத்திலும் உச்சிவேளைச் சூரியன் அடிவானத்திலிருந்து 53 டிகிரி உயரத்துக்கு ஏறிவிடும். நியூயார்க்கில் 26 டிகிரியைத் தாண்டாது. அந்தத் தாழ்ந்த வெயிலில் எல்லாவற்றுக்கும் நிழல் இரண்டு மடங்கு நீளம். ஒன்57 ஆயிரம் அடிக்குச் சற்று மேல். அதே வரிசையில் பிறகு வந்த சென்ட்ரல் பார்க் டவர் 1,550 அடி, உலகிலேயே மிக உயரமான குடியிருப்புக் கட்டடம். நண்பகலிலேயே அதன் நிழல் 3,000 அடியைத் தாண்டுகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இந்தக் கட்டடங்கள் பூங்காவுக்குத் தெற்கே, இரண்டு தெரு தள்ளி நிற்கின்றன. நிழல் வேறெங்கே போகும்?

“கோபுரம் ஒல்லி, நிழல் சீக்கிரம் நகர்ந்துவிடும்” என்று இதற்கு ஒரு பதில் சொல்வார்கள். ஒரே ஒரு கோபுரம் என்றால் ஒப்புக்கொள்ளலாம். 57ஆம் தெருவையொட்டி இப்போது ஒரு வரிசையே நிற்கிறது. பூங்காவின் தெற்கு ஓரத்தில் ஹெக்ஷர் விளையாட்டுத் திடல் இருக்கிறது. குளிர்கால மதியம் அங்கே போய்ப் பாருங்கள். சறுக்குமரத்தின் மேல் நிழல் விளிம்பு ஏறியதும் அம்மாக்கள் குழந்தையின் கோட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, தள்ளுவண்டியை வெயில் விழும் பக்கத்துக்கு உருட்டிக்கொண்டு போவார்கள். அந்த விளிம்பு நகர்ந்து போன கொஞ்ச நேரத்தில் அடுத்த கட்டடத்தின் விளிம்பு வந்துவிடும்.

இதெல்லாம் எப்படி அனுமதிக்கப்பட்டது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. சட்டத்தை மீறி யாரும் கட்டவில்லை என்பதுதான் வேடிக்கை. மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதை நம் ஊரில் எஃப்.எஸ்.ஐ. என்கிறோமே, ஏறக்குறைய அதே கணக்குதான். பக்கத்து மனையில் சின்னக் கட்டடம் இருந்தால், அது கட்டாமல் விட்ட சதுர அடியை விலைக்கு வாங்கித் தன் மனையில் ஏற்றிக்கொள்ளலாம். மேலே இத்தனை அடிதான் என்ற உச்சவரம்பு அந்தப் பகுதியில் இல்லை. கணக்கு விதிக்குள் அடங்கினால் பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டியதும் இல்லை. சென்ட்ரல் பார்க் டவர் ஒரு படி மேலே போய், பக்கத்திலுள்ள பழைய ஓவியப் பள்ளியின் தலைக்கு மேலேயே நீட்டிக்கொண்டு நிற்கிறது. எதற்குத் தெரியுமா? முன்னால் இருக்கும் இன்னொரு கோடீஸ்வரர் கோபுரம் மறைக்காமல் பூங்கா தெரிய வேண்டுமாம்!

நியூயார்க்காரர்கள் இதற்குச் சண்டை போடாமல் இல்லை. 1987இல் பூங்காவின் தென்மேற்கு மூலையான கொலம்பஸ் சர்க்கிளில் கட்டடக் கலைஞர் மோஷே சஃப்டி வரைந்த ராட்சதக் கட்டடம் ஒன்று வருவதாக இருந்தது. மறைந்த அதிபர் கென்னடியின் மனைவியாக இருந்த ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸ் உள்ளிட்டோர் எதிர்த்தார்கள். அதன் நிழல் எங்கே விழுமோ அந்த வழிநெடுகப் பூங்காவுக்குள் வரிசையாக நின்று குடைகளை விரித்துக் காட்டினார்கள். வழக்கும் போட்டார்கள். அந்த வடிவமைப்பு கைவிடப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து அங்கே வந்த இரட்டைக் கோபுரம் உயரத்தில் குறைந்தது. ஆனால் அது பொது நிலம், அதனால் கேள்வி கேட்க இடமிருந்தது. 57ஆம் தெரு மனைகள் தனியாருடையவை. அங்கே எந்த வாசலில் போய்க் குடை பிடிப்பது?

சட்டம் போட முடியாது என்பதும் இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் 1984இலேயே வாக்காளர்கள் ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள். 40 அடிக்கு மேற்பட்ட புதுக் கட்டடம் நகரப் பூங்காவில் எவ்வளவு நிழல் போடும் என்று கணக்குக் காட்ட வேண்டும். பாதிப்பு பெரிது என்றால் அனுமதி கிடையாது. அதிலும் விலக்குகள் வாங்குகிறார்கள், அது தனிக்கதை.

கண்ணாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்ட்ரல் பார்க் வலசைப் பறவைகள் இறங்கும் முக்கியமான இடம். கண்ணாடியில் தெரியும் மரத்தை நிஜ மரம் என்று நம்பிப் பறந்து மோதிச் சாகின்றன. அக்டோபர் காலையில் நடைபாதையில் உள்ளங்கையளவு சிட்டு ஒன்று கால் இரண்டையும் மடக்கிக் கிடப்பதும், கட்டட ஊழியர் அதை முறத்தில் தள்ளிக்கொண்டு போவதும் நான் பார்த்த காட்சிதான். 2021 முதல் புதுக் கட்டடங்களில் 75 அடி உயரம்வரை பறவைக்குத் தெரிகிற மாதிரிக் கண்ணாடி போட வேண்டும் என்று நகரம் விதி வைத்திருக்கிறது. நல்லதுதான். ஏற்கெனவே நிற்பவற்றை அது தொடாது.

கட்டடமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. போர்ட்சாம்பார்க் சாதாரண ஆளும் இல்லை, கட்டடக் கலையின் மிக உயர்ந்த விருதாக மதிக்கப்படும் பிரிட்ஸ்கர் பரிசு வாங்கியவர். ஆனால் அந்த வீடுகளுக்கு அந்த விலை வருவதே ஜன்னலுக்கு வெளியே 843 ஏக்கர் பச்சை விரிந்து கிடப்பதால்தான். அதை 1858இல் ஓம்ஸ்டெட்டும் வாக்ஸும் காசு இல்லாதவனும் வந்து உட்காரட்டும் என்று வரைந்து கொடுத்தார்கள். அந்தப் பச்சையைக் காட்டி விற்கிறவர்கள் அதன் வெயிலை எடுத்துக்கொள்ளும்போது, கட்டடத்தின் அழகைப் பற்றி எழுதுகிறவர் அதையும் சேர்த்து எழுத வேண்டாமா?

தொடரில் அடுத்து லண்டனின் ‘ஒன் ஹைட் பார்க்’ வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். ரிச்சர்ட் ரோஜர்ஸ் நிறுவனம் வடிவமைத்த அதுவும் பூங்காவின் தெற்கு ஓரத்தில்தான் இருக்கிறது. கட்டுரையாளர் படம் எடுக்கப் போவதாக இருந்தால், பூங்காவுக்குள்ளே நின்று ஒன்றாவது எடுத்துவரச் சொல்லுங்கள். மதியம் இரண்டு மணி வாக்கில் எடுத்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
ஜெர்சி சிட்டி, நியூஜெர்சி