அரை டன் இன்ஜினைத் தாங்காத ‘ஒரு டன்’ ஸ்டாண்ட்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி புகார்

அனுப்புநர்:
டீசல் மெக்கானிக் பட்டறை உரிமையாளர்,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
பழைய பட்டறைக் கருவிகள் விற்பனைப் பிரிவு.

பொருள்: விரிசலைப் பெயிண்ட் அடித்து மறைத்து விற்ற பழைய இன்ஜின் ஸ்டாண்டைத் திரும்பப் பெறுவது குறித்து.

ஐயா,

பொங்கலுக்கு முந்தைய வாரம் உங்களிடம் ஒரு பழைய ஹெவி டியூட்டி இன்ஜின் ஸ்டாண்ட் வாங்கினேன். கழற்றிய இன்ஜினை ஒற்றைத் தூணில் பூட்டி, வேண்டியபடி திருப்பி வேலை பார்க்கும் தாங்கி அது. விலை 38,000 ரூபாய், லாரி வாடகை தனி. அதில் ‘1 டன்’ என்று ஸ்டென்சில் எழுத்து போட்டிருந்தீர்கள்.

எங்கள் ஊரில் தை பிறந்தால் சம்பா அறுவடை. நெல் அறுக்கும் பெல்ட் வண்டி, டிராக்டர், கொள்முதல் நிலையத்திலிருந்து மூட்டை ஏற்றும் லாரி என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும், பழுதானால் ஒரே நேரத்தில் என் பட்டறைக்கு வரும். இத்தனை வருடமும் இன்ஜினை இறக்கிப் பழைய டயர் மேலும் கட்டை மேலும் வைத்துத்தான் வேலை பார்த்தேன். கிராங்க் போட, மெயின் பேரிங் போல்ட் முறுக்க, இன்ஜினைக் கவிழ்க்க வேண்டும். அதற்கு நாலு பேர் கை கொடுக்க வேண்டும். என்னிடம் இருப்பது இரண்டு பையன்கள். அதனால்தான் சேர்த்து வைத்த பணத்தைப் போட்டு இதை வாங்கினேன்.

சும்மா வாங்கிவிடவில்லை. போனில் உங்கள் ஆளிடம் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன். தூண் குழாயின் தகடு எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்றேன், 6 என்றார். அடி வெல்டிங் எப்படி என்றேன், கம்பெனி வெல்டிங், கை வைக்கவே இல்லை என்றார். சிமெண்ட் தளத்தைத் தாண்டினால் எங்கள் பட்டறை வாசல் களிமண், சக்கரம் இரும்பா என்றேன், நாலும் இரும்பு என்றார். “சிக்ஸ் சிலிண்டர் கம்மின்ஸ் மாட்டலாமா?” என்றதற்கு, “தாராளமா மாட்டுங்கண்ணே” என்றார்.

முதலில் மாட்டியது ஒரு டாடா 2515 லாரியின் 6பிடி என்ற ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் இன்ஜின். 5.9 லிட்டர், ஏறக்குறைய அரை டன் எடை. இன்ஜினின் பின்பக்க ஃப்ளைவீல் ஹவுசிங்கோடு ஸ்டாண்டின் தகட்டைப் பூட்டி, செயின் பிளாக்கில் தொங்கவிட்டபடியே கொஞ்சம் கொஞ்சமாகச் சங்கிலியைத் தளர்த்தினேன். முழு எடையும் இறங்குவதற்கு முன்பே ‘டக்’ என்று ஒரு சத்தம். தலைப்பகுதி இரண்டு விரல் கடை கீழே போனது. உடனே சங்கிலியை இழுத்து நிறுத்தினேன். அப்போது ஒரு பையன் தூணுக்கு அடியில் உட்கார்ந்து முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொண்டிருந்தான். சங்கிலியைக் கழற்றியிருந்தால் அவன் கால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது.

இன்ஜினை இறக்கிவிட்டு, தூண் அடியில் பெயிண்டைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பார்த்தேன். பெயிண்டுக்கு அடியில் பட்டி. பட்டிக்கு அடியில், முட்டுத் தகடு சேரும் இடத்தில், வெல்டிங் ஓரமாக நாலு அங்குல நீளத்துக்கு விரிசல். உள்ளே முழுக்கச் செந்துரு. கடைசி அரை அங்குலம் மட்டும் பளபளவென்று இருந்தது. அன்றைக்கு விட்டது அந்த அரை அங்குலம்தான். மற்றதெல்லாம் நீங்கள் விற்பதற்கு வெகு நாள் முன்பே விட்டுப்போனது. துரு ஒரு நாளில் ஏறாது, ஐயா. பட்டி தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது.

குழாயின் தடிமனை வெர்னியர் வைத்து அளந்தேன், 3 மில்லி. முன் சக்கரம் இரண்டும் நைலான். இன்ஜினைத் திருப்பும் வார்ம் கியர் மட்டும் நன்றாக இருக்கிறது. ஆட்டம் இல்லை, பல் தேயவில்லை. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

உங்கள் ஆளிடம் சொன்னபோது, “ஓவர்லோடு பண்ணிட்டீங்க, பழைய பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது” என்றார். ஒரு டன் என்று எழுதியதில் அரை டன்னைத் தொங்கவிட்டால் அது எப்படி ஓவர்லோடு ஆகும்? இன்னொன்றும் சொல்கிறேன். ஒற்றைத் தூண் ஸ்டாண்டில் எடையை மட்டும் சொன்னால் போதாது. இன்ஜின் பின் முகத்தில் மட்டும் பூட்டப்பட்டு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. தகட்டிலிருந்து அரை அடியில் ஒரு டன் தாங்கும் தூண், ஒன்றரை அடியில் 333 கிலோதான் தாங்கும். ஆறு சிலிண்டர் இன்ஜின் நீளமானது, அதன் எடைமையம் தகட்டுக்கு ஒன்றரை அடி முன்னால்தான் இருக்கிறது. எத்தனை அடி தூரத்தில் ஒரு டன் என்று நான் கேட்டதற்கு உங்கள் ஆளிடம் பதிலே இல்லை. அப்படியானால் அந்த எழுத்தை எதை வைத்துப் போட்டீர்கள்?

பழைய பொருள் என்று தெரிந்துதான் வாங்கினேன். தேய்மானம் இருக்கும், கீறல் இருக்கும், அதற்கெல்லாம் சண்டை போட மாட்டேன். விரிசல் இருக்கிறது என்று சொல்லி 15,000-க்குக் கொடுத்திருந்தால், நானே அறுத்து எறிந்துவிட்டுப் புதுத் தூண் வைத்து வெல்டிங் அடித்துக்கொண்டிருப்பேன். மறைத்ததுதான் குற்றம்.

நான் கேட்பது இவ்வளவுதான். 38,000 ரூபாயும் கொண்டுவந்த வாடகை 3,500 ரூபாயும் 15 நாட்களுக்குள் என் கணக்குக்கு வர வேண்டும். ஸ்டாண்டை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், இதே லாட்டில் இன்னும் மூன்று ஸ்டாண்ட் இருப்பதாகப் படம் அனுப்பியிருந்தீர்கள். அவற்றின் அடிப்பகுதிப் பெயிண்டைச் சுரண்டிப் பார்க்காமல் யாருக்கும் விற்காதீர்கள். விற்றுவிட்டிருந்தால் இன்றே போன் செய்து, இன்ஜின் மாட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். என் பணம் தாமதமானாலும் பரவாயில்லை, இது தாமதமாகக் கூடாது.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கிய கருவி வணிக நோக்கத்தில் சேராது என்றும், நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்றும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

பில், போன் பேச்சுப் பதிவு, விரிசலின் படங்கள், வெர்னியர் அளவோடு எடுத்த படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். விரிசல் விட்ட இடத்தை வெல்டிங் அடிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் யாராவது வந்து நேரில் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மன்னார்குடி.