விடுபட்ட நான்கு நாட்கள்

அன்புள்ள கயல்விழிக்கு,

இங்கு அனைவரும் நலம். சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் பேசியபோது, உங்கள் பல்கலைக்கழகத்தில் தரவு அறிவியலுக்கும் அறிவியலுக்கான கணினிவழிக் கணக்கீட்டுக்குமாக இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை நடக்கப்போகிறது என்றும், ஆய்வேட்டின் கடைசி இயலை எழுதும் வேளையில் கணினிக்குக் கட்டளை தட்டும் ஷெல்லையும், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டையும், நிரல் மொழியான பைத்தானையும் முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை என்றும் சலித்துக்கொண்டாய். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வெண்டைக்காய் விலைக்குப் பேச்சை மாற்றிவிட்டேன். என் மனத்திலிருந்த பதிலைச் சொல்ல வேண்டுமானால், உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. தொலைபேசியில் அதற்கு வாய் வரவில்லை.

நான் புள்ளியியல் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், கணினி என்றால் துளை அட்டை. ஓர் அட்டையில் 80 நெடுவரிசைகள். நிலையங்களிலிருந்து வரும் மழைக்கணக்குத் தாள்களைப் பார்த்து அட்டைகளில் துளையிட்டு, கட்டுக்கட்டி, கணினி இருந்த இடத்துக்கு அனுப்பிவிட்டு அச்சுத்தாளுக்குக் காத்திருப்போம். ஒரு நவம்பரில் ஒரு நிலையத்து மழைமானி உடைந்துபோய், நான்கு நாட்கள் அளவு எடுக்கப்படவில்லை. தாளில் அந்த நான்கு கட்டங்களும் காலியாக இருந்தன. நானும் அட்டையில் காலியாகவே விட்டேன். அளக்கவில்லை என்பதை அதைவிட நேர்மையாக எப்படிச் சொல்வது என்றுதான் நினைத்தேன். ஆனால் அக்காலத்து நிரல் மொழியான ஃபோர்ட்ரான், எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் அதைப் பூஜ்யம் என்றே படித்துக்கொள்ளும். அளந்த 26 நாட்களில் 260 மில்லிமீட்டர் பெய்திருந்தது. நாளொன்றுக்கு 10 என்று வரவேண்டிய சராசரி, 30 ஆல் வகுபட்டு 8.7 என்று வந்தது. வடகிழக்குப் பருவமழையின் நடுவில் நான்கு நாட்கள் ஒரு துளிகூட விழவில்லை என்று நாங்களே சாட்சி சொன்னதுபோல் ஆகிவிட்டது.

ஓராண்டு கழித்து வேறொரு வேலைக்காக அந்தத் தாளை எடுத்தபோதுதான் இது என் கண்ணில் பட்டது. அதற்குள் அறிக்கை அச்சாகிவிட்டிருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. பயம் ஒரு காரணம். ஆனால் சொல்லியிருந்தாலும் திரும்பக் கணக்கிட வழியில்லை என்பதும் உண்மை. அட்டைக்கட்டு எங்கே போனது என்று தெரியவில்லை, நிரல் எழுதியவர் மாற்றலாகிப் போயிருந்தார், எந்த நிரல் எந்தக் கட்டோடு ஓடியது என்று எங்கும் ஒரு வரி குறிப்பு இல்லை.

நீ அனுப்பிய நிகழ்ச்சி நிரலைப் படித்தபோது (இந்தச் சொல்லிலும் நிரல் இருப்பதைப் பார்) இரண்டாம் நாள் கிட் வகுப்பில்தான் என் பார்வை நின்றது. யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார் என்பது வரிக்கு வரி பதிவாகியிருக்கும் ஏற்பாடு எங்களுக்கு அன்று கிடைத்திருந்தால், அந்த நவம்பரை அரைநாளில் திருத்தியிருப்போம்.

உங்கள் பட்டறையின் அமைப்பு, 1998 இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் கிரெக் வில்சனும் பிரென்ட் கோர்டாவும் தொடங்கிவைத்த, ஆய்வாளர்களுக்குக் கணினி வேலை கற்றுத்தரும் சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி முறையைச் சார்ந்தது என்று தெரிகிறது. தச்சு வேலை என்ற பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. உளியைப் பிடிக்கக் கற்பது போன்ற காரியம்தானே. அதில் ஆசிரியர் ஆயத்தமாக வைத்திருக்கும் படங்களைக் காட்டிக்கொண்டு போவதில்லை. எல்லோருக்கும் முன்னால் நிரலை அங்கேயே தட்டச்சு செய்கிறார், அவரும் தவறு செய்கிறார், அந்தப் பிழைச் செய்தியைப் படித்து எப்படி மீள்கிறார் என்பதை மாணவர்கள் பார்க்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு நிறத்தில் ஒட்டுத்தாள்கள் இருக்கும். முடித்தவர் ஒரு நிறத்தையும் சிக்கிக்கொண்டவர் மற்றதையும் மடிக்கணினியில் ஒட்டிவைத்தால், கையைத் தூக்கிக் கூச்சப்படாமலே உதவி வந்து சேரும். என் முதல் வேலையில் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால், காலிக் கட்டத்தை என்ன செய்வது என்று கேட்டிருப்பேனோ என்னவோ.

எல்லாம் தெரிந்ததுதான் என்கிறாய். ஓய்வுக்குப் பிறகு என்பிடெல் இணையவழிப் பாடங்களைக் கேட்டு நானும் கொஞ்சம் பைத்தான் கற்றிருக்கிறேன் என்ற துணிச்சலில் ஒன்று கேட்கிறேன்: ஆற்று நீரோட்ட அளவுகளில் ஒரு மாதம் முழுவதும் காலியாக இருந்தால், பைத்தானில் தரவைக் கையாளும் பாண்டாஸ் என்ற கருவியிடம் கூட்டுத்தொகை கேட்டால் என்ன சொல்லும்? சராசரி கேட்டால் 'இல்லை' என்கிறது. கூட்டுத்தொகை கேட்டால், நாம் வேறு விதமாகச் சொல்லாதவரை, பூஜ்யம் என்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீ இருக்கும் நாட்டிலேயே, 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, இங்கிலாந்தின் அன்றாடக் கணக்கிலிருந்து 15,841 கொரோனா தொற்றாளர்கள் விடுபட்டுப்போனார்கள். பழைய எக்செல் கோப்பு வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காது. மிஞ்சியவை சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது.

தாமஸ் ஹெர்ன்டனை நீ அறிந்திருப்பாய். மாசசூசெட்ஸில் பொருளியல் ஆய்வு மாணவராக இருந்த அவர், அரசுக் கடனைப் பற்றிப் பொருளியல் பேராசிரியர்கள் ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் 2010 இல் வெளியிட்ட கட்டுரையின் கணக்கை வகுப்புப் பயிற்சிக்காகத் திரும்பப் போட்டுப் பார்த்தார், விடை வரவில்லை. அவர்களிடமே கேட்டு வாங்கிய விரிதாளில், சராசரிச் சூத்திரம் ஐந்து நாடுகளை விட்டுவிட்டதைக் கண்டார். மற்றக் குறைகளையும் சேர்த்துத் திருத்தியபோது, கடன் மிகுந்த நாடுகளுக்கு மைனஸ் 0.1 சதவீதம் என்றிருந்த சராசரிப் பொருளாதார வளர்ச்சி 2.2 சதவீதமாக மாறியது. இது வெளிவந்தது 2013 இல். மாணவரின் திறமையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கோ, கேட்டதற்கு விரிதாளை அனுப்பிவைத்தார்களே, அதுவும் பெரிதாகத் தெரிகிறது.

மாலை உரைகளில் செயற்கை நுண்ணறிவு உலகை எப்படி மாற்றும் என்பதை நீ தவறவிட்டால் நட்டமில்லை. அதே செய்தி உனக்கு நாளையும் வந்து சேரும். ஆய்வுகளுக்கான நிரல்களை எழுதிப் பராமரிக்கும் ஆய்வு மென்பொருள் பொறியாளர்களின் உரைக்கு மட்டும் கட்டாயம் போ. அந்தப் பணிக்குப் பெயர் கிடைத்ததே 2012 இல் உங்கள் நாட்டில்தான். உன் நிரலை இன்னொருவர் ஓட்டிப் பார்க்க என்ன வேண்டும் என்று அவர்களிடம் கேள்.

அந்த நவம்பரின் 26 அளவுகளையும் அன்றே என் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். இன்றும் அலமாரியில் இருக்கிறது. அப்பா படம் எடுத்து அனுப்புவார். பட்டறையில் பயிற்சித் தரவாக அதையே எடுத்துக்கொள். நான்கு நாட்களையும் காலியாக விட்டுவிட்டு, கிட்டில் முதல் குறிப்பாக, அந்த நாட்களில் மழை அளக்கப்படவில்லை என்று எழுது. கீழே என் பெயரையும் போடு.

அன்புடன்,
அம்மா