கணவர் கையொப்பம் கேட்கும் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாநில அரசில் முன்னாள் படைவீரர் நலனுக்குப் பொறுப்பான உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஹவில்தார். இது எந்த மாவட்டத்தில் நடந்தது என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அங்கே மேசையில் இருக்கும் ஓர் உதவியாளருக்கு மெமோ போகும், கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் என் சீனியர் ஒருவர் போன வருடம் காலமானார். அவர் மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணிக்குக் குடும்ப ஓய்வூதியம் இன்னும் தொடங்கவில்லை. காரணம் பெயர். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாவற்றிலும் அவர் பச்சையம்மாள். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெறும்போது கொடுக்கும் அண்ணனுடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் 'பச்சி அம்மா'. கல்யாணம் முடித்து, லீவு தீர்ந்து யூனிட்டுக்குத் திரும்பியவர் சொன்னதை, கல்யாண விவரத்தைப் பதிவில் ஏற்றும் பார்ட் டூ ஆர்டரைப் போட்ட கிளார்க் தன் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். வடக்கத்திக்காரர் காதில் நம் ஊர்ப் பெயர் அப்படித்தான் விழும், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அண்ணனும் இருந்தவரை அதைத் திருத்திக்கொள்ளவில்லை. பட்டாளத்தில் பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான் என்பது உங்கள் அலுவலகங்களுக்குப் புதிதல்ல.

சரி, திருத்திவிடலாம் என்று அண்ணியைக் கூட்டிக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனேன். ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் கணவன், மனைவி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இருவரும் சேர்ந்து நிற்கும் போட்டோ ஒட்ட வேண்டும். பென்ஷன்தாரர் உயிரோடு இருக்கும்போது கொடுக்க வேண்டிய படிவம் அது. "அவர் இறந்துட்டாருங்க, அதுக்குத்தானே வந்திருக்கோம்" என்றேன். "புரியுது சார். ஆனா இந்தக் கட்டம் காலியா இருந்தா ரெக்கார்ட் ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார் அங்கிருந்த தம்பி. மரியாதையாகத்தான் சொன்னார். (ரெக்கார்ட் ஆபீஸ் என்பது படைவீரர்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ராணுவ அலுவலகம்.) அண்ணி அந்தத் தாளை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இந்த இடத்துல நான் என்ன தம்பி போடட்டும்?"

போட்டோவுக்கு வருவோம். இருவரும் சேர்ந்திருக்கும் படமென்று அண்ணியிடம் உருப்படியாக இருந்தது, சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் எடுத்தது. அதிலும் நடுவில் நாத்தனார். ஸ்டுடியோக்காரர் நாத்தனாரைக் கம்ப்யூட்டரில் அகற்றிவிட்டு, இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கொடுத்தார். அந்தப் படத்தை அலுவலகம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. ஒட்டுவேலை செய்த படம் செல்லுகிறது. வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும் வைத்துக்கொண்டு நிற்கிற மனுஷியின் பேச்சு செல்லவில்லை.

அப்புறம் நடந்தது நீங்கள் அறிந்ததே. கோப்பு அனுப்பியாகிவிட்டது என்றார்கள். எந்தத் தேதியில், எந்த எண்ணில் என்றால் ரெக்கார்ட் ஆபீஸைக் கேட்கச் சொன்னார்கள். ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போன் போட்டால், சைனிக் போர்டு, அதாவது அதே மாவட்ட நல அலுவலகம், மூலமாக வந்தால்தான் பார்ப்போம் என்று இந்தியில் பதில். எனக்குப் பட்டாளத்து இந்தி வரும். அண்ணிக்கு?

ஓய்வூதியம் வழங்குவது மத்திய அரசு, நாங்கள் பரிந்துரைத்து அனுப்புகிறவர்கள் மட்டுமே என்று நீங்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆவணம் மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர் என்றால் வெலிங்டனில், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூரில், ராணுவ வண்டி, இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஈ.எம்.ஈ. என்றால் செகந்திராபாத்தில். ஓய்வூதியக் கணக்கு பிரயாக்ராஜில். முன்பெல்லாம் ஊர் பாங்க் மேனேஜரையாவது போய்ப் பார்க்க முடிந்தது. இப்போது எல்லாம் 'ஸ்பர்ஷ்' என்ற ராணுவ ஓய்வூதிய இணையதளத்துக்குப் போய்விட்டது. அதில் நுழைய வேண்டிய ஓ.டி.பி. அண்ணனுடைய பழைய நம்பருக்குத்தான் வருகிறது. அதற்காகவே, செத்துப்போன மனுஷனின் சிம்முக்கு அண்ணி ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறார். இத்தனை ஊர்களுக்கும் எட்டாத ஒரு பெண்ணுக்காகத்தானே மாவட்டத்துக்கு மாவட்டம் ஓர் அலுவலகம், அதில் ஓர் உதவி இயக்குநர், நல அமைப்பாளர் என்று வைத்திருக்கிறீர்கள்?

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். மனுவை வாங்கிய நாள் முதல் பதில் வரும் நாள் வரை கோப்பின் பின்னால் அலைய வேண்டியது உங்கள் அலுவலகம். வாங்கியதும் எண் போட்டுக் கொடுங்கள், அனுப்பிய தேதியை எழுத்தில் தாருங்கள், திரும்பி வந்தால் ஏன் வந்தது என்று தமிழில் சொல்லுங்கள். இதற்குப் புதிய அரசாணை தேவை என்று நான் நினைக்கவில்லை.

குறைதீர்க்கும் நாள் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் சிறப்புக் கூட்டம், மனுவை இரண்டு பிரதிகளில், அடையாள அட்டை நகலோடு கொண்டுவந்து பயன்பெறுமாறு செய்திக்குறிப்பு தவறாமல் வருகிறது. கொண்டுபோய்க் கொடுத்தோம். ஆட்சியர் பக்கத்தில் இருந்தவரிடம் தந்தார், அவர் அதை நாங்கள் முதலில் ஏறி இறங்கிய அதே அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார். பயன்பெற்றோம்.

டிசம்பர் 7 வந்தால் மட்டும் எல்லாம் பட்டாளத்து வேகத்தில் நடக்கிறது. படைவீரர் நலனுக்கு நிதி திரட்டும் கொடிநாள் 1949 முதல் இருக்கிறது, நல்ல காரியம், நானும் ஆண்டுதோறும் போடுகிறேன். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று அந்தச் சின்னக் கொடி பள்ளிக்கூடம் வரை போய்ச் சேருகிறது. எந்தத் துறை எவ்வளவு வசூலிக்க வேண்டும் என்ற இலக்கு உரிய நேரத்தில் போகிறது. எட்டியவர்களுக்குப் பாராட்டும் உண்டு. வசூலுக்கு இலக்கு வைக்கத் தெரிந்த அரசு, ஒரு விதவையின் மனுவுக்கு இத்தனை நாளுக்குள் பதில் என்று இலக்கு வைக்கக் கூடாதா?

பெரிய திட்டங்களுக்கும் குறைவில்லை. 2024 சுதந்திர தின விழாவில் முன்னாள் படைவீரர்களுக்காக 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தை அறிவித்தார்கள். தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். வரவேற்கிறேன். நாற்பது வயதுக்குள் சீருடையைக் கழற்றுகிறவர்களுக்கு அது தேவைதான். எத்தனை காலத்துக்கு ஏ.டி.எம். வாசலிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் அவர்களை நிறுத்திவைப்பது? இதற்கிடையே 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த பையன்கள் நாலு வருடம் முடித்து வீடு திரும்புவார்கள். நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படாதவர்களுக்குப் பென்ஷனும் கிடையாது. அவர்கள் உங்கள் படியேறினால் எந்தப் படிவத்தை நீட்டுவீர்களோ தெரியாது.

நான் வேறு எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணி 1 கோடி கேட்கவில்லை. கணவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பெயரும் தன் பெயரும் ஒன்றுதான் என்று ஓர் அரசு அலுவலகம் சான்று சொல்லி, அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடித் தர வேண்டும் என்கிறார். கோப்பைத் தொடர்வது அலுவலகத்தின் வேலை என்று எல்லா மாவட்டங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இறந்தவரின் கையொப்பம் கேட்கும் படிவத்தை விதவைகளிடம் நீட்ட வேண்டாம் என்றும் அதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அனுப்பியதும் அதன் நகல் ஒன்றை ஊர்ச் சங்கங்களுக்கும் கொடுத்தால், அடுத்த முறை மேசையில் காட்ட எங்களுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்