ஜாமீன் நின்றவர்

நாரிச், இங்கிலாந்து,
நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அம்மா பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் தொழில் சம்பந்தப்பட்ட சமாசாரம் வேறு. நிதானமாகப் படியுங்கள்.

இங்கே குளிர் வந்துவிட்டது. நாலு மணிக்கே இருட்டு. நைட் டியூட்டி முடிந்து வந்து தூங்கி எழுந்தால் பகலையே பார்ப்பதில்லை. சரி, அது இருக்கட்டும்.

பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் இல்லையா? எண்பத்திரண்டு வயது. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். எனக்கு வாய் வரவில்லை. அவருடைய முன்னோர் இங்கிருந்து வடக்கே ஒரு கிராமத்தில் பப், அதாவது மதுக்கடை, நடத்தியவர்கள். மாற்றாந்தகப்பன் ஒருவன் வந்து மகனை ஏமாற்றிப் பப்பைப் பிடுங்கிக்கொண்டான் என்பது அவர்கள் வீட்டுக் கதை. சாவதற்குள் அது உண்மையா என்று பார்த்துவிட வேண்டும் என்கிறார். கண் சரியாகத் தெரியாது. பத்திரம் எழுதுகிறவர் மகள் என்று என்றைக்கோ உளறிவிட்டேன். விடுமுறை நாளெல்லாம் இப்போது ஆவணக் காப்பகத்தில் போகிறது.

இந்த ஊரைப் பற்றி ஒரு பழமொழி உண்டு: வருஷத்தில் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு தேவாலயம், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பப். அதனால் பப்புக்காரர்களின் காகிதம் ஏராளம். 1994-இல் ஊர் மத்திய நூலகம் தீப்பிடித்து ஒரு லட்சத்துக்கும் மேல் புத்தகங்கள் போயின. அதே கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த ஆவணங்கள் தப்பித்தன. இப்போது அவற்றுக்குத் தனிக் கட்டடம். உள்ளே பேனா கூடாது, பென்சில்தான். பழைய கட்டுகளை ஸ்பாஞ்சு மெத்தையில் படுக்கவைத்து, பக்கம் மூடிக்கொள்ளாமல் இருக்க ஈயக்குண்டு கோத்த துணிக் கயிற்றை மேலே போடுகிறார்கள். உங்கள் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் கருங்கல்லை வைத்து அழுத்துவீர்களே, அது ஞாபகம் வந்தது.

இங்கே பீர் விற்க நீதிபதிகளிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று 1552-இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1753-இல் வந்த சட்டம் லைசென்ஸ் வாங்கியவர்களின் பெயர்களையெல்லாம் பதிவேட்டில் எழுதி வைக்கச் சொன்னது. விற்பவர் பத்து பவுனுக்கு ஜாமீன் பத்திரம் எழுதிக்கொடுப்பார், ஊரில் யாராவது அவருக்காக ஜாமீன் நிற்பார். சேவல் சண்டை கூடாது, சூதாட்டம் கூடாது, ஞாயிறு பூசை நேரத்தில் ஊற்றிக்கொடுக்கக் கூடாது. 1828-இல் வேறு சட்டம் வந்து, பதிவேடு வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். நாற்பது நாற்பத்தைந்து வருஷத்துக்குப் பெரிய ஓட்டை. அப்புறம் 1872-இல்தான் மறுபடி எழுத ஆரம்பித்தார்கள். நீங்கள் இருந்தால் 'ச்சு' கொட்டியிருப்பீர்கள்.

நல்லவேளை, எங்களுக்கு வேண்டியது 1789 முதல் 1799 வரை. பாட்டியின் முன்னோர் பெயர் முதல் மூன்று வருஷம் இருக்கிறது. 1792-இல் அதே பப்புக்கு அவர் மனைவி பெயர், பக்கத்தில் 'விதவை' என்று. 1795-இல் வேறொரு ஆள். பாட்டி மேஜையைத் தட்டி "அவன்தான்!" என்றார். வாசிப்பறையே திரும்பிப் பார்த்தது.

ஆனால் நான் உங்கள் மகள் அப்பா. பட்டா மூலப்பத்திரம் ஆகாது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள்! லைசென்சும் அப்படித்தான். யார் ஊற்றி விற்றார் என்று சொல்லும், வீடு யாருடையது என்று சொல்லாது. அதற்கு உயில் வேண்டும்.

இங்கே உயிலை மெய்ப்பித்துக் கொடுத்தது யார் தெரியுமா? பிஷப்பின் நீதிமன்றம்! 1858 ஜனவரி வரை உயிலெல்லாம் தேவாலயத்தின் கையில்தான். எந்தத் தேவாலய நீதிமன்றம் என்று தெரியாமல் மூன்று அட்டவணை புரட்டினோம். பாட்டியின் முன்னோருடைய உயில் கிடைத்தது. ஆரம்பமே உங்கள் வாசகம்: உடல் நலிந்திருந்தாலும் சுயநினைவோடும் திடசித்தத்தோடும் எழுதிவைப்பது என்னவென்றால். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழே அவருடைய கைநாட்டு. நம்மூர் மாதிரி பெருவிரல் மை இல்லை, பேனாவால் ஒரு பெருக்கல் குறி. ஒரு கோடு மெல்லியது, குறுக்குக் கோடு மை கொட்டித் தடித்தது. கை நடுங்கியிருக்க வேண்டும்.

வீடு, கொல்லை, பீர் காய்ச்சும் செப்புக் கொப்பரை, பீப்பாய்கள், நல்ல இறகு மெத்தை எல்லாம் மனைவிக்கு, அவள் விதவையாக இருக்கும் வரை. மறுமணம் செய்துகொண்டால் எல்லாம் மகனுக்கு, இருபத்தொரு வயது ஆனதும். அதுவரை பார்த்துக்கொள்ள ஒரு நிறைவேற்றுநர். பெயரைப் படித்ததும் பதிவேட்டை மறுபடி வாங்கிப் பார்த்தேன். 1789-இலிருந்து அந்தப் பப்புக்காரருக்கு வருஷம் தவறாமல் ஜாமீன் நின்ற ஆள்! 1795-இல் லைசென்ஸ் இருப்பதும் இந்த ஆள் பெயரில்தான். கல்யாணப் பதிவேட்டில் 1794 கடைசியில் அவருக்கும் அந்த விதவைக்கும் திருமணம்.

பாட்டி பேசவில்லை. திருடன் என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்த ஆளை, செத்துப்போனவரே நம்பிப் பிள்ளையை ஒப்படைத்திருக்கிறார்.

எனக்கு அவர்மேல் சந்தேகம் குறைந்துவிட்டது. கல்யாணமான பெண்ணுக்குச் சொத்தே தன் பெயரில் நிற்காத காலம் அது. லைசென்ஸ் புருஷன் பெயருக்குப் போனதில் அதிசயம் இல்லை. பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கொப்பரையை யாராவது காய்ச்சத்தானே வேண்டும்? பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "ஜாமீன் நிற்பவன்தான் முதலில் கண் வைப்பான்" என்கிறார்.

வியாழக்கிழமை மறுபடி போகிறோம், இந்த முறை மகனுடைய உயிலைத் தேட. அதில் அந்த வீடு இருந்தால் ஒப்படைத்துவிட்டார் என்றுதானே அர்த்தம்? இல்லை, மகன் அதற்குள் விற்றிருக்கலாமோ? வேறு என்ன காகிதம் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். அப்பா, உங்களிடம் அந்த மனிதர் வந்திருந்தால் நிறைவேற்றுநராக ஒரே ஆளைப் போட விட்டிருப்பீர்களா?

பொடி பார்சல் வந்து சேர்ந்தது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பாட்டிக்கும் கொஞ்சம் கொடுத்தேன். டோஸ்ட்டில் தூவிச் சாப்பிடுகிறார்.

உங்கள் அன்பு மகள்